ஹெல்மெட் போட்டிருந்தானா என்று கேட்பவர்களுக்கு

விடிகாலையில் பால் சொசைட்டிக்கு சைக்கிளில் போன எங்கள் தெருப் பெரியவர் ஒருவரை லாரி உரசிவிட்டுப் போய்விட்டது. ஹாண்டில்பாரில் தொங்கிய பால் கேன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இடித்த வண்டி நிற்கவே இல்லை. ஆட்கள் ஓடி வந்து அவரைத் தூக்கி உட்கார வைக்கிறார்கள், கூட்டத்தில் ஒருவர் கேட்கிறார்: "ஏனுங்க, பெரியவர் ஹெல்மெட் போட்டிருந்தாருங்களா?"

உடைந்தது இடுப்பு, கேட்பது தலையைப் பற்றி. லாரி என்ன வேகத்தில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வளைவில் தெருவிளக்கு எரிந்ததா என்றும் கேட்கவில்லை. தாரின் ஓரம் அரையடி ஆழத்துக்கு அரித்துக் கிடக்கிறதே, அவர் எங்கே ஒதுங்கியிருக்க முடியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து இந்தக் கேள்வி எங்கே காதில் விழுந்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் ஹெல்மெட்டுக்கு எதிரி இல்லை. என் மகள் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறாள், ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் போகிறாள். போடாமல் அவளை அனுப்ப எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஒன்றரைச் சாண் தெர்மாக்கோலின் மேல் இந்த ஊர் எவ்வளவு பாரத்தைத் தூக்கி வைக்கிறது என்பதைப் பார்க்கும்போதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

இந்தப் பேச்சு டூவீலரிலிருந்து வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு பைக், ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு நான்கு வயது தாண்டிய குழந்தைக்கும் அது வேண்டும். கேரளத்தில் 2019 டிசம்பர் முதல் பின்னால் உட்காருபவரும் போட்டாக வேண்டும் என்றார்கள். 2023 ஜூனில் ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கின. எல்லாம் நல்லதற்குத்தான். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு அது தேவைதான். ஆனால் சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. அந்தப் பிரிவு சைக்கிளைத் தொடவே இல்லை. சட்டம் கேட்காததை ஊர் கேட்கிறது. அதையும் அக்கறையாகக் கேட்டால் பரவாயில்லை, விழுந்து கிடப்பவனிடம் குற்றம் சாட்டுகிற தொனியில் கேட்கிறது.

சரி, சைக்கிள் ஹெல்மெட் உண்மையிலேயே காப்பாற்றுமா? ஓரளவுக்கு, நிச்சயமாகக் காப்பாற்றும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேக் ஆலிவியரும் பிரூடென்ஸ் கிரெய்ட்டனும் 2016-இல் அதுவரை நடந்த 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் காயம்பட்ட சைக்கிள்காரர்கள் 64,000 பேருக்கு மேல். ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 51 சதவீதமும், கடுமையான தலைக்காய வாய்ப்பு 69 சதவீதமும் குறைவாக இருந்தது. கழுத்துக்குக் கெடுதல் என்று சிலர் சொல்வதற்கும் அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டும் பிள்ளையின் தலையை வெறுமனே விட என்னால் முடியாது.

ஆனால் அந்தக் கணக்கை இன்னொரு முறை கவனமாகப் படியுங்கள். அது விழுந்து, அடிபட்டு, ஆஸ்பத்திரி வரை போனவர்களின் கணக்கு. விழுந்த பிறகு தலை பிழைக்குமா என்பதற்கு அது பதில் சொல்கிறது. விழாமலிருப்பது எப்படி என்பதற்கு அதில் பதில் இல்லை. லாரிக்காரர் சைக்கிளைப் பார்த்தாரா, ரோட்டில் ஒதுங்க இடம் இருந்ததா என்பதையெல்லாம் ஹெல்மெட் தீர்மானிப்பதில்லை.

அதன் பலத்துக்கு ஓர் அளவும் உண்டு. உள்ளே இருக்கும் வெள்ளை நுரை, அடி விழும் கணத்தில் நசுங்கி அந்த வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். நசுங்கிய நுரை மறுபடி நிமிராது. ஐரோப்பாவின் தரச் சோதனையில் ஹெல்மெட்டை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புப் பட்டடை மேல் போடுகிறார்கள். மோதும்போது வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். சைக்கிளிலிருந்து சரிந்து தலை தரையில் படுகிற வேகம் அது. கல் ஏற்றிய டிப்பர் அறுபதில் வந்து மோதுவதற்காக யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. வேகம் மூன்று மடங்கானால் மோதும் சக்தி ஒன்பது மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களே பி.டி.ஏ. கூட்டத்தில் ஹெல்மெட்டோடு பேச்சை முடித்துக்கொள்வதுதான் எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ரோட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் எருத்தேன்பதி, பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. கிழக்கே கொஞ்சம் மிதித்தால் தமிழ்நாடு. கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கருங்கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் கேரளத்துக்குப் போவது கோபாலபுரம், வேலந்தாவளம், நடுப்புணி என்று இந்த எல்லைப் பாதைகள் வழியாகத்தான். பாலக்காட்டில், திருச்சூரில் எழும்பும் வீடுகளுக்கெல்லாம் கல் இந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. தேங்காய் லாரி, பால் வண்டி, கள் வண்டி எல்லாவற்றுக்கும் இதே ரோடுதான். அதன் ஓரத்தில் எங்கள் பிள்ளைகளும், தோட்டத்துக்குப் போகிற கூலிக்காரர்களும், புல்லுக்கட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு வருகிற பெண்களும் சைக்கிளில்.

ரோட்டின் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். பழைய தாரின் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார். ஒவ்வொரு முறை போடும்போதும் ரோடு உயர்கிறது. ஓரத்து மண் மட்டும் அங்கேயே கிடக்கிறது. மழைத் தண்ணீர் தாரின் விளிம்பை அரித்து அடியில் குடைந்துகொண்டு போகிறது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது, பிள்ளை பயந்து மண்ணில் இறக்குகிறது. லாரி போனதும் திரும்ப ஏறப் பார்க்கும்போது முன்சக்கரம் அந்த விளிம்பில் உரசி ஏற முடியாமல் நழுவுகிறது. ஹாண்டில் மடங்கி சைக்கிள் ரோட்டுப் பக்கமாகச் சாய்கிறது. பின்னால் இரண்டாவது லாரி வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை. ஓரத்தில் நாலு லோடு கிராவல் கொட்டிச் சமன் செய்தால் தீர்கிற விஷயம் இது.

காற்றும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு நிற்கிற பாலக்காட்டுக் கணவாய் எங்கள் மேற்கே. ஆனி, ஆடியில் அதன் வழியாக வருகிற காற்று தென்னையையே வளைக்கும். அந்த மாதங்களில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மிதிப்பவர்களைப் பாருங்கள், நின்றுகொண்டுதான் மிதிப்பார்கள். பெரிய லாரி பக்கத்தில் தாண்டும்போது ஒரு கணம் காற்று அடைபடும். லாரி போன மறு கணம் முழுக் காற்றும் ஒரேயடியாக வந்து மோதும், சைக்கிள் ஓரடி இப்படியோ அப்படியோ போய்விடும். அந்த ஓரடியை விட்டுத் தாண்டுகிற டிரைவர்கள் எத்தனை பேர்?

இந்த இடத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். பாத் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் இயன் வாக்கர், சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு தாமே ரோட்டில் ஓட்டினார். ஹெல்மெட் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக எட்டரை சென்டிமீட்டர் கூடுதலாக நெருங்கித் தாண்டின என்று 2007-இல் எழுதினார். அந்தச் சோதனைக் காலத்தில் அவரை ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் இடித்தன. இரண்டு முறையும் ஹெல்மெட் போட்டிருந்தார். ஆலிவியரும் இன்னொருவரும் அதே கணக்கை மறுபடி அலசி, அந்த வித்தியாசத்துக்கு ஆபத்து என்கிற அளவுக்கு அர்த்தம் இல்லை என்றார்கள். அந்த விவாதம் அறிஞர்களுடையது. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: தாண்டும்போது எவ்வளவு இடம் விடுவது என்பது ஸ்டியரிங் பிடித்தவர் கையில் இருக்கிறது. ஹெல்மெட் போட்ட பிள்ளைதானே என்று அந்தக் கை கொஞ்சம் அலட்சியமானால்கூட எங்கள் ரோட்டில் அது தாங்காது.

பள்ளிக் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில், சைக்கிளில் வருகிற பிள்ளைகள் ஹெல்மெட் போட்டுத்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் சைக்கிளை உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். நடந்தது என்ன? கொழிஞ்சாம்பாறையிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன், பொள்ளாச்சியிலும் தேடினேன். பிள்ளைகளின் தலை அளவுக்குச் சைக்கிள் ஹெல்மெட் கிடைப்பதே கஷ்டம். "பைக் ஹெல்மெட்ல சின்ன சைஸ் தரட்டுங்களா கண்ணு?" என்று கேட்டார் ஒரு கடைக்காரர். ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிற, காதை மூடுகிற அந்தக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு சித்திரை வெயிலில் எந்தப் பிள்ளை மிதிக்கும்? பின்னால் வருகிற லாரிச் சத்தமும் அதற்குள் சரியாகக் கேட்காது. சந்தையில் விற்கிற வெறும் பிளாஸ்டிக் ஓட்டை வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. உள்ளே நுரையே இல்லை, நாடா ஒரு இழுப்பில் கையோடு வந்துவிட்டது. நல்லதாக ஒன்று வாங்க ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். தோட்டக் கூலியில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று உத்தரவு போட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே பல வீடுகளில் சைக்கிள் திண்ணையில் ஏறிவிட்டது. பிள்ளைகள் இப்போது எப்படிப் போகிறார்கள் தெரியுமா? அப்பாவின் எக்ஸெல் மொபெட்டில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. பள்ளி வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சைக்கிளில் மெதுவாக வந்துகொண்டிருந்த பிள்ளையை மோட்டார் வேகத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, பாதுகாப்பு கூடிவிட்டது என்று நம்புகிறோம். இதைக் கேட்டால் "அது அவங்க அப்பா பொறுப்புங்க" என்கிறார்கள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. உலகத்திலேயே முதலில் சைக்கிளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலை முதல் தேதி. இரண்டு ஆண்டுகளில் மற்ற மாநிலங்களும் பின்பற்றின. தலைக்காயங்கள் குறைந்தன என்று ஒரு தரப்பு கணக்குக் காட்டியது. சைக்கிள் ஓட்டுகிற பதின்ம வயதுப் பிள்ளைகளே பெருமளவு குறைந்துவிட்டார்களே, காயம் குறையாமல் என்ன செய்யும் என்று இன்னொரு தரப்பு கேட்டது. அந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. மெக்சிகோ நகரம் வாடகை சைக்கிள் கொண்டுவந்தபோது 2010-இல் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கிற கிங் கவுன்டி 2022-இல் விலக்கிக்கொண்டது; வீடில்லாதவர்கள் மேலும் கறுப்பின மக்கள் மேலும்தான் அந்தச் சட்டம் அதிகமாகப் பாய்ந்தது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். ரோட்டில் அதிகாரம் இல்லாதவன் மேல்தான் கட்டாயம் முதலில் விழும் என்பது அமெரிக்காவுக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இல்லை. டிப்பரை நிறுத்திப் பேச யாருக்கும் தைரியம் வருவதில்லை. பாவாடை தாவணியில் சைக்கிள் மிதிக்கிற பிள்ளையை நிறுத்தி எல்லோரும் புத்தி சொல்கிறார்கள்.

நெதர்லாந்தை நினைத்துப் பார்க்கிறேன். சைக்கிளுக்குப் பேர்போன நாடு. அன்றாடம் சைக்கிளில் போகிறவர்களில் ஹெல்மெட் போடுபவர்கள் மிகச் சொற்பம். ஆனால் அங்கே ரோடு தொடக்கத்திலிருந்தே பாதுகாப்பாக இருக்கவில்லை. 1971-இல் அந்தச் சின்ன நாட்டில் 3,000 பேருக்கு மேல் சாலை விபத்தில் செத்தார்கள், அதில் 400-க்கு மேல் குழந்தைகள். தன் மகளை அப்படிப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பது அதன் தலைப்பு. அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. தாய்மார்களும் தகப்பன்மார்களும் ரோட்டை மறித்தார்கள், பிள்ளைகள் விளையாடத் தெருவைக் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு என்ன மாட்டிவிடலாம் என்பது அவர்கள் பேச்சாக இருக்கவில்லை. கார்களின் வேகத்தைக் குறை, சைக்கிளுக்குத் தனிப் பாதை கொடு என்று அரசாங்கத்தை விடாமல் அரித்தார்கள். கிடைத்தது. இப்போது அங்கே பேட்டரி சைக்கிளில் போகிற வயதானவர்கள் விழுவது கூடியிருப்பதால் அவர்களை ஹெல்மெட் போடச் சொல்கிறார்கள். அதுதான் சரியான வரிசை. முதலில் ரோட்டைச் சரிசெய்தார்கள், பிறகு தலைக்கு வந்தார்கள்.

நம் நாட்டில் 2022-இல் சாலை விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே சொல்கிறது. அவர்களில் சைக்கிளில் போனவர்கள் 4,800-க்கு மேல். நடந்து போனவர்கள் 32,000-க்கு மேல். நடந்து போகிறவனையும் ஹெல்மெட் போடச் சொல்வோமா? சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் ஆபத்து நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேரளத்தில் பள்ளி அருகே எந்த வண்டியும் முப்பதுக்கு மேல் போகக் கூடாது. பள்ளி நேரத்தில் டிப்பர் ஓடக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. காலை மணி அடிக்கிற நேரத்தில் எங்கள் ரோட்டில் வந்து நின்று பாருங்கள், அவை எப்படிக் கடைப்பிடிக்கப்படுகின்றன என்று. தாமதமாகிவிட்ட லோடு எல்லையைத் தாண்டியதும் பறக்கிறது. இங்கே தலையில் அடி என்றால் நாங்கள் ஓட வேண்டியது கோயம்புத்தூருக்கு. ஆம்புலன்ஸும் அதே டிப்பர்களுக்கு இடையில் புகுந்துதான் போக வேண்டும்.

எல்லையில் இருப்பதன் துன்பம் இதிலும் உண்டு. கல் ஏற்றுகிற இடம் தமிழ்நாடு, இறக்குகிற இடம் கேரளம், நடுவில் மிதிபடுகிற இடம் எங்கள் ஊர். அங்கே கேட்டால் "அது கேரளா ரோடு", இங்கே கேட்டால் "அது தமிழ்நாட்டு லோடு". அதிக பாரம் ஏற்றினார்களா, தார்ப்பாய் மூடினார்களா என்று செக்போஸ்டில் பார்ப்பது ஒரு நாள் நடக்கும், ஒன்பது நாள் நடக்காது. லோடிலிருந்து சிதறிய ஜல்லி வளைவுகளில் மணி மணியாகக் கிடக்கிறது. அதில் சறுக்கி விழுந்த பிள்ளைகளின் முழங்கால்களில் அந்தத் தழும்பு இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு பக்கத்துக்கும். பெற்றோர்களே, முடிந்தவர்கள் பிள்ளைகளுக்கு நல்ல ஹெல்மெட் வாங்குங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் அது நேராக உட்கார வேண்டும், பின்னந்தலைக்குச் சரிந்து கிடக்கக் கூடாது. நாடாவைத் தாடைக்கடியில் ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். கூடவே சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டரும் மாட்டுங்கள். பிரேக் கட்டையைப் பாருங்கள். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையைச் சைக்கிளோடு வாசலில் நிறுத்தாதீர்கள் என்று பள்ளிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பி.டி.ஏ. பணத்தில் மொத்தமாக வாங்கிக் கொடுங்கள், அல்லது பஞ்சாயத்தைக் கேளுங்கள்.

வார்டு கிராம சபைக்கு எல்லோரும் வாருங்கள். ரோட்டோர மண்ணைச் சமன் செய்ய வேண்டும், வளைவுகளில் விளக்கு எரிய வேண்டும், பள்ளி நேரத்து டிப்பர் தடையைப் போலீஸும் மோட்டார் வாகனத் துறையும் நின்று நடத்த வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள், அடுத்த சபையில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். இனி ஒரு சைக்கிள் விழுந்தால், இடித்த வண்டி என்ன வேகத்தில் வந்தது என்பதை முதலில் கேளுங்கள்.